சிற்றூரில் எழுந்த ஒரு சஞ்சிகை: 'கிராஷ்' கணினி விளையாட்டிதழின் வரலாறும் அது நமக்கு உணர்த்துவனவும்

கொழும்பிலிருந்து கண்டி செல்லும் பெருந்தெருவில், ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது வரக்காப்பொல. எள்ளினாற் செய்யப்படும் தலகுலி என்னும் தின்பண்டத்தை வாங்குவதற்காகப் பயணிகள் வண்டியை நிறுத்தும் ஊர் என்ற அளவிலேயே பலர் இதனை அறிவர். ஆயின், பெருந்தெருவை விட்டு உள்ளே சென்றால், கேகாலை மாவட்டத்துக்கே உரிய இறப்பர்த் தோட்டங்களையும், அவற்றின் நடுவே தமிழ்த் தொழிலாளர் வாழும் லயங்களையும் காணலாம். தலைநகரை அண்மியிருந்தும் தலைநகரின் வசதிகளை எட்டாத இத்தகைய இடங்களில் வாழும் இளைஞர்கள் எதனை வாசிக்கிறார்கள், எதனை விளையாடுகிறார்கள், அவற்றைப் பற்றி என்ன கருதுகிறார்கள் என்பன நம் ஆய்வுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. விளையாட்டு ஆய்வுக்கு உரிய பொருளன்று என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம்.

அவ்வெண்ணத்தை மீளாய்வு செய்யத் தூண்டும் ஒரு வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிரித்தானியாவில் 1984 முதல் 1992 வரை வெளிவந்த 'கிராஷ்' என்னும் மாத சஞ்சிகையின் வரலாறே அது. வீட்டுக் கணினிகளில் ஆடப்பெற்ற விளையாட்டுகளை மதிப்பிடுவதே அச்சஞ்சிகையின் பணி. அது இலண்டனில் தோன்றவில்லை. ஒரு சிற்றூரில் தோன்றியது. அதில் தீர்ப்புக் கூறியவர்களுட் பலர் தேர்ந்த இதழாளர்கள் அல்லர்; பள்ளி மாணவர்கள். இவ்விரு செய்திகளும் நம் கவனத்துக்குரியன.

வீட்டுக் கணினியின் வருகை

1970களின் இறுதிவரை கணினி என்பது பல்கலைக்கழகங்களும் பெருநிறுவனங்களும் அரச திணைக்களங்களும் மட்டுமே வைத்திருக்கத்தக்க பெரும்பொறியாகவே கருதப்பட்டது. (நம் நாட்டில் நெடுங்காலம் 'கணனி' என வழங்கிய இச்சொல் இன்று பாடநூல்களிற் 'கணினி' எனவே எழுதப்படுவதால், இங்கும் அவ்வடிவமே கொள்ளப்படுகிறது.) நுண்செயலிகளின் விலை வீழ்ந்தபோது இந்நிலை மாறியது. பிரித்தானியாவில் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியவருள் முதன்மையானவர் கிளைவ் சிங்கிளேயர். அவருடைய நிறுவனம் 1982 ஏப்ரலில் 'இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்' என்னும் கணினியை அறிமுகஞ் செய்தது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுணுக்கும், 48 கிலோபைட் கொண்டது 175 பவுணுக்கும் விற்கப்பட்டன. அக்காலத்தில் இது மிகக் குறைந்த விலையாகும்.

இக்கணினிக்குத் தனியான திரை இல்லை. வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியே திரையாயிற்று. தரவுகளைச் சேமிக்கத் தட்டு இல்லை. பாட்டுக் கேட்கும் ஒலிப்பதிவுக் கருவியும் அதன் ஒலிநாடாவுமே அப்பணியைச் செய்தன. ஒரு விளையாட்டை நாடாவிலிருந்து கணினிக்குள் ஏற்ற ஐந்து நிமிடமளவு செல்லும். அவ்வேளையில் கீச்சென்ற ஓசை ஒலிக்க, திரையின் ஓரங்களில் வண்ணக் கோடுகள் ஓடும். விசைப்பலகையின் விசைகள் இறப்பரால் ஆனவை. இறப்பர் மரங்களின் நடுவே வளர்ந்த வாசகர்க்கு இச்செய்தி புன்முறுவலை வருவிக்கலாம்.

சிங்கிளேயர் இதனைக் கல்விக்கும் கணக்குக்கும் உரிய கருவியாகவே கருதினார். மக்களோ இதனை விளையாட்டுக் கருவியாக ஆக்கிக்கொண்டனர். 1983இல் வெளிவந்த 'மனிக் மைனர்' போன்ற ஆக்கங்களைத் தனியொரு இளைஞரே வீட்டிலிருந்து எழுதி முடித்தார். அதனைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான விளையாட்டு நாடாக்கள் கடைகளுக்கு வந்தன. அவற்றுள் நல்லவை சில, பயனற்றவை பல. உறையிலுள்ள ஓவியம் அழகாயிருக்கும். உள்ளேயுள்ள விளையாட்டோ ஒரு நாழிகையில் அலுத்துவிடும். தம் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வைத்து ஒரு நாடாவை வாங்கும் சிறுவனுக்கு அது பெரும் இழப்பாகும். எனவே, வாங்குமுன் நம்பத்தக்க ஒரு தீர்ப்பு வேண்டப்பட்டது. விளையாட்டிதழ்கள் பிறந்தது இத்தேவையினாலேயே எனலாம்.

1981 நவம்பரில் ஈமாப் நிறுவனம் வெளியிட்ட 'கொம்பியூட்டர் அன்ட் வீடியோ கேம்ஸ்' என்பது பிரித்தானியாவில் இத்துறையின் முன்னோடியாகும். எனினும் அது பலவகைக் கணினிகளுக்கும் பொதுவானது. 1982இல் தொடங்கிய 'சிங்கிளேயர் யூசர்' விளையாட்டை மட்டுமன்றிக் கணினிப் பயன்பாடு முழுவதையும் நோக்கியது. ஒரே கணினிக்குரிய விளையாட்டுகளை மட்டுமே எடுத்து, அவற்றை முறையாக மதிப்பிடும் இதழுக்கு இடம் வெறுமையாகவே இருந்தது.

லட்லோவில் ஒரு தொடக்கம்

இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லையை அண்மிய ஷ்ரொப்ஷயர் கோட்டத்தில் அமைந்த ஊர் லட்லோ. பழைய கோட்டையொன்றும் வாரச் சந்தையும் உடைய இவ்வூரின் மக்கட்டொகை இன்றும் ஏறத்தாழ 10,000 அளவினதே. இவ்வூரில் ரொஜர் கீன், ஒலிவர் ஃபிரே, அவர் சகோதரர் ஃபிராங்கோ ஃபிரே ஆகியோர் சேர்ந்து 1983இல் அஞ்சல் வழி விளையாட்டு நாடாக்களை விற்கத் தொடங்கினர். அவ்வணிகத்தின் விலைப்பட்டியலுக்கு இடப்பட்ட பெயரே 'கிராஷ் மைக்ரோ கேம்ஸ் அக்ஷன்' என்பது.

விலைப்பட்டியலில் பொருள்களின் பெயரையும் விலையையும் மட்டும் தருவதே வழமை. இவர்களோ ஒவ்வொரு விளையாட்டைப் பற்றியும் சிறு குறிப்பு எழுதினர். அக்குறிப்புகளை எழுதுவதற்கு உள்ளூர்ப் பள்ளி மாணவர்களின் துணையைப் பெற்றனர். வாசகர்கள் பொருளைவிடக் குறிப்புகளையே பெரிதும் விரும்பினர். விற்பவனே நடுவனாகவும் இருத்தல் நெடுநாள் இயலாது என்பதை உணர்ந்த நிறுவனத்தார், விலைப்பட்டியலைச் சஞ்சிகையாக வளர்த்தனர். நியூஸ்ஃபீல்ட் என்னும் பதிப்பகத்தின் பெயரில் 'கிராஷ்' முதல் இதழ் 1984 பெப்ரவரி எனத் திகதியிடப்பட்டு வெளிவந்தது.

சஞ்சிகையின் முகத்தோற்றத்தை அமைத்தவர் ஒலிவர் ஃபிரே. சுவிற்சர்லாந்திற் பிறந்த இவர் பிரித்தானியச் சித்திரக்கதை இதழ்களில் வரைந்து பயின்றவர். 1978இல் வெளிவந்த 'சுப்பர்மான்' திரைப்படத்தின் தொடக்கத்தில் தோன்றும் சித்திரக்கதைப் பக்கங்களும் இவர் கைவண்ணமே. திரையில் ஒரு சில புள்ளிகளாக அசையும் உருவத்தை, அட்டையில் குருதியும் தசையும் உடைய வீரனாகவும் அரக்கனாகவும் அவர் தீட்டினார். இயந்திரம் காட்ட இயலாததை வாசகனின் கற்பனைக்குக் காட்டியது அவ்வோவியம். சஞ்சிகையின் புகழில் அவர் தூரிகைக்கும் சம பங்கு உண்டு என்பது மிகையன்று.

மதிப்பீட்டு முறை

'கிராஷ்' இதழின் சிறப்பு அதன் மதிப்பீட்டு முறையிலேயே தங்கியிருந்தது. ஒரு விளையாட்டை ஒருவர் மட்டும் ஆடித் தீர்ப்பளிப்பதில்லை. பொதுவாக மூவர் ஆடினர். மூவரும் தத்தம் கருத்தைத் தனித்தனியே எழுதினர். ஒருவர் புகழ்ந்ததை மற்றவர் பழித்தால் அவ்வேறுபாடு மறைக்கப்படாது அவ்வாறே அச்சேறியது. பின்னர், காட்சியமைப்பு, ஆடுதற்குரிய எளிமை, மீண்டும் மீண்டும் ஆடத் தூண்டும் ஈர்ப்பு, கொடுத்த பணத்துக்குரிய பயன் முதலிய கூறுகளுக்கு நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளிகள் வழங்கப்பட்டன. ஈற்றில் மொத்த மதிப்பு வரும். அம்மதிப்பு 90 என்னும் எல்லையைத் தொட்ட விளையாட்டுகள் 'கிராஷ் ஸ்மாஷ்' என்னும் சிறப்புப் பட்டத்தைப் பெற்றன. அப்பட்டத்தை நாடாவின் விளம்பரங்களிற் பொறித்துக்கொள்வதை நிறுவனங்கள் பெருமையாகக் கொண்டன.

இம்முறையின் நன்மைகள் இரண்டு. முதலாவது, தீர்ப்பின் காரணம் வெளிப்படையாயிற்று. ஒரு விளையாட்டின் காட்சி நன்று, ஆயின் ஈர்ப்பில்லை என்று வாசகன் பிரித்தறிய முடிந்தது. இரண்டாவது, தீர்ப்பளித்தவரும் வாசகரும் ஒரே வயதினராய், ஒரே வகைப் பணமுடையினராய் இருந்தமையால், 'கொடுத்த பணத்துக்குரிய பயன்' என்னும் கூறு வெறுஞ்சொல்லாக இருக்கவில்லை. பள்ளி விட்டதும் இதழ் அலுவலகத்துக்கு வந்து விளையாடி எழுதிய மாணவன், தன் வகுப்புத் தோழனுக்குச் சொல்வதையே நாடளாவிய வாசகர்க்கும் சொன்னான்.

புள்ளியிடும் முறைக்குக் குறைகளும் உண்டு. ஓர் ஆக்கத்தின் சுவையை எண்ணால் அளத்தல் எவ்வளவு பொருந்தும் என்னும் வினா இலக்கியத் திறனாய்விலும் எழுவதே. விளம்பரம் தரும் நிறுவனத்தின் பொருளையே அடுத்த பக்கத்தில் மதிப்பிட வேண்டிய இக்கட்டும் இருந்தது. இவ்விக்கட்டு எல்லா வணிக இதழ்களுக்கும் பொதுவானது. மூவர் கருத்தையும் பிரித்து அச்சிட்டமை இவ்விக்கட்டுக்கு ஓரளவு காப்பாக அமைந்தது எனக் கருதலாம்.

இதழ் ஒரு பள்ளியாதல்

வாசகர்க்கு விளையாட்டைக் காட்டியதோடு, அதன் உட்புறத்தையும் இச்சஞ்சிகை காட்டியது. ஆட்டக் களங்களின் வரைபடங்களை வாசகர்களே வரைந்து அனுப்பினர். அவை பக்கம் பக்கமாக வெளிவந்தன. கடினமான இடங்களைக் கடக்கும் வழிகளும், 'போக்' எனப்பட்ட கட்டளைகளும் தனிப்பகுதியில் இடம்பெற்றன. இவற்றுட் 'போக்' என்பது விளக்கத்துக்குரியது.

தோட்டத்துச் செக்றோலை அறிந்தவர்க்கு இதனை விளக்குவது எளிது. செக்றோலில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணுக்கு நேரேயுள்ள கட்டத்தில் அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பது பதியப்படும். கணினியின் நினைவகமும் அத்தகைய ஓர் ஏடே. ஸ்பெக்ட்ரத்தில் 0 முதல் 65535 வரை எண்ணிட்ட கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 255 வரையான ஓர் எண் மட்டுமே நிற்கும். முதல் 16384 கட்டங்கள் மாற்ற இயலாதவை, எஞ்சியவை மாற்றத்தக்கவை. விளையாட்டு நிரலும் இவ்வெண்களாகவே அங்குக் கிடக்கும். ஆடுபவனுக்கு எத்தனை உயிர்கள் எஞ்சியுள்ளன என்பதில் ஒன்றைக் குறைக்கும் கட்டளை, அக்கணினியின் இசட்-80 செயலியில், 61 என்னும் எண்ணாக அமையலாம். 'ஒன்றும் செய்யாதே' என்னும் கட்டளைக்குரிய எண் 0. எனவே, 61 நிற்கும் கட்டத்தைக் கண்டறிந்து அங்கு 0 என்று எழுதிவிட்டால், ஆடுபவனின் உயிர் என்றும் குறையாது. அவ்வாறு எழுதும் கட்டளையே 'போக்'.

கணக்கப்பிள்ளை செக்றோலைத் திருத்தினால் அது குற்றம். சிறுவன் நினைவகத்தைத் திருத்தினால் அது கல்வி. ஏனெனில், அவ்வொரு கட்டத்தைத் தேடும் முயற்சியில் இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அவன் கற்றுக்கொள்கிறான். 1984இல் வெளிவந்த 'ஜெட் செட் வில்லி' என்னும் விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. மேன்மாட அறையொன்றுக்குச் சென்று வந்தால் வேறு அறைகள் சிதைந்து, விளையாட்டை நிறைவுசெய்ய முடியாமற் போயிற்று. அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட தடையென முதலிற் கூறப்பட்டது. பின்னர் அது பிழையே என ஒப்புக்கொள்ளப்பட்டுத் திருத்தும் 'போக்' கட்டளைகள் வெளியிடப்பட்டன. விற்பனைக்கு வந்த ஒரு பொருளின் குறையைப் பதினான்கு வயதுச் சிறுவன் தன் வீட்டிலிருந்தே திருத்திக்கொள்ள முடிந்தது. இன்றைய கைபேசி விளையாட்டுகள் பூட்டிய பெட்டிகளாகவே நம்மிடம் வருகின்றன என்பதை இதனோடு ஒப்புநோக்குக.

வளர்ச்சியும் வழக்கும் வீழ்ச்சியும்

'கிராஷ்' விரைந்து வளர்ந்தது. கொமடோர் 64 கணினிக்கென 1985இல் 'சாப்! 64' என்னும் இதழையும், அம்ஸ்ட்ராட் கணினிக்கென 'அம்ரிக்ஸ்' என்னும் இதழையும் நியூஸ்ஃபீல்ட் தொடங்கியது. 1986 அளவில் 'கிராஷ்' மாதந்தோறும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. ஒரு சிற்றூர்ச் சஞ்சிகைக்கு இது பெருஞ்சாதனையாகும்.

இளமையின் துடுக்கும் இதழில் இருந்தது. 1985இல் போட்டி இதழான 'சிங்கிளேயர் யூசர்' என்பதனை எள்ளி நகையாடும் சில பக்கங்களை அது வெளியிட்டது. அவ்விதழின் உரிமையாளரான ஈமாப் நிறுவனம் நீதிமன்றத் தடையாணை பெற்றது. எஞ்சிய பிரதிகளிலிருந்து அப்பக்கங்கள் நீக்கப்பட்டன. எள்ளல் எங்கு முடிகிறது, பழிப்பு எங்குத் தொடங்குகிறது என்னும் பழைய வினா இங்கும் எழுந்தமை மனங்கொளத்தக்கது.

வீழ்ச்சிக்குரிய காரணங்கள் பல. 1986இல் சிங்கிளேயர் தம் கணினி வணிகத்தை அம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்கு 50 இலட்சம் பவுணுக்கு விற்றார். 1985இல் அறிமுகமான அமீகா, அட்டாரி எஸ்.ரி. ஆகிய ஆற்றல் மிக்க கணினிகள் சில ஆண்டுகளில் இளைஞரை ஈர்த்தன. பின்னர் யப்பானிய விளையாட்டுப் பெட்டிகள் வந்தன. நியூஸ்ஃபீல்ட் 1987இல் இளைஞர்க்கான பொது இதழொன்றைத் தொடங்கிச் சில இதழ்களுடன் நிறுத்தி இழப்புற்றது. 1980களின் இறுதியில் எல்லா இதழ்களும் அட்டையோடு விளையாட்டு நாடாவை இலவசமாக ஒட்டித் தரும் போட்டியில் இறங்கின. வாசகர்கள் எழுத்துக்காக அன்றி நாடாவுக்காக இதழை வாங்கலாயினர். தீர்ப்புச் சொல்ல வந்த இதழ், தானே பண்டத்தைச் சுமக்கும் உறையாக மாறியது. விலைப்பட்டியலாகப் பிறந்து சஞ்சிகையாக வளர்ந்த ஒன்று, மீண்டும் விற்பனைக் கருவியாகத் தேய்ந்தது என்பதில் ஒரு துயரம் உண்டு.

1991இல் நியூஸ்ஃபீல்ட் முறிந்தது. யூரோப்ரெஸ் நிறுவனம் 'கிராஷ்' இதழைச் சிறிது காலம் நடத்தியது. 1992 ஏப்ரலில் 98ஆம் இதழுடன் அது நின்றது. அதன் பெயர், ஒருகால் அது எள்ளி நகையாடிய அதே 'சிங்கிளேயர் யூசர்' இதழோடு இணைக்கப்பட்டது. எனினும் அதன் வாசகர்கள் அதனை மறக்கவில்லை. பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து எண்ணிம வடிவிற் பாதுகாத்தவர்கள் அவர்களே. 2017இல் வாசகரிடம் முன்பணம் திரட்டி அதே பெயரில் ஆண்டுமலரொன்று உருவாக்கப்பட்டபோது, ஒலிவர் ஃபிரேயும் ரொஜர் கீனும் அம்முயற்சியில் வரவேற்கப்பட்டனர். ஃபிரே 2022இலும், கீன் 2023இலும் காலமாயினர்.

நம் நிலை

'கிராஷ்' தொடங்கிய 1984ஆம் ஆண்டு இலங்கையின் கணினி வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கது. நாட்டின் கணினிக் கொள்கையை வகுப்பதற்குரிய சின்ரெக் எனப்பட்ட பேரவையும், ஆதர் சி. கிளாக் நவீன தொழினுட்ப நிலையமும் அவ்வாண்டிலேயே நிறுவப்பட்டன. 1982இல் ரூபவாகினி ஒளிபரப்புத் தொடங்கியிருந்தது. ஆயின், அக்காலத்தில் மின்னிணைப்புப் பெற்றிருந்த லயங்கள் மிகச் சிலவே. தோட்டப் பாடசாலைகள் அரசின் கல்வி அமைப்புள் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வீட்டுக் கணினி என்னும் தொடரில், 'கணினி' என்பதற்கு முன்னரே 'வீடு' என்பது இங்கு வினாவாக நின்றது. 10 அடிக்கு 12 அடி அறையில் ஒரு குடும்பம் வாழும் இடத்தில் அத்தொடருக்குப் பொருள் வேறு.

எனவே, வீட்டுக் கணினிக் காலம் என்னும் ஒரு கட்டத்தை நம் தோட்டப்புற இளைஞர் கடக்கவே இல்லை. 2005 முதல் 'நெனசல' நிலையங்கள் நாட்டின் பல இடங்களில் அமைந்தன. அவற்றைத் தொடர்ந்து கைபேசி வந்தது. இன்று வரக்காப்பொலச் சூழலில் வளரும் ஒரு மாணவன் முதலிற் காணும் கணினி அவன் தந்தையின் கைபேசியே. முதலில் அறியும் விளையாட்டும் அதில் உள்ளதே. அவ்விளையாட்டுகள் இலவசமாக வருவன போலத் தோன்றும். பின்னர் தரவுக்கும் ஆயுதத்துக்கும் உடைக்கும் பணம் கேட்கும். பால் வெட்டும் தாயின் நாட்கூலியிலிருந்தே அப்பணம் செல்கிறது. 1983இல் பயனற்ற நாடாவை வாங்கி ஏமாந்த ஆங்கிலச் சிறுவனுக்கு நேர்ந்த அதே இழப்புத்தான் இது. அச்சிறுவனுக்கு அவன் மொழியில், அவன் வயதினர் எழுதிய ஒரு தீர்ப்புக் கிடைத்தது. நம் சிறுவனுக்கு அவன் மொழியில் அத்தகைய தீர்ப்புக் கிடைப்பது அரிது.

தமிழில் இதழ் நடத்தும் ஆற்றல் மலையகத்துக்கு இல்லையென எவரும் கூறார். 1924இல் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். அக்காலம் தொட்டுத் தொழிலாளர் வாழ்வைப் பேசிய ஏடுகளும், பின்னர் 'குன்றின் குரல்' போன்ற சஞ்சிகைகளும் இம்மண்ணில் வெளிவந்துள்ளன. அவை உரிமையைப் பேசின, இலக்கியம் வளர்த்தன. ஆயின், இளையோரின் பொழுதுபோக்கைப் பொருட்படுத்தி எழுதும் துறை நம்மிடம் வளரவில்லை. கைபேசி விளையாட்டு ஒருபுறமிருக்க, கிளித்தட்டும் பல்லாங்குழியும் தோட்டங்களில் எவ்வாறு ஆடப்பட்டன என்பதும் போதிய அளவு பதியப்படவில்லை.

பாதுகாப்பும் நமக்குப் பெருவினாவே. 'கிராஷ்' இதழின் 98 பிரதிகளும் இன்று ஒருங்கே கிடைக்கின்றன. நம் சிற்றிதழ்களுள் எத்தனை இவ்வாறு கிடைக்கும்? 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை இழந்த சமூகம் நாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து ஏடுகளைத் தொகுத்து வருவது பேருதவியாகும். எனினும், ஒரு தோட்டப் பாடசாலையில் வெளிவந்த கையெழுத்துச் சஞ்சிகையைத் தேடி எடுத்து அங்குச் சேர்க்கும் கடமை அவ்வூராரையே சாரும்.

முடிவுரை

லட்லோவின் வரலாறு நமக்குத் தரும் பாடம் கணினியைப் பற்றியது மட்டுமன்று. மையத்திலிருந்து விலகிய ஒரு சிற்றூர், தன் பள்ளி மாணவரின் சொல்லை மதித்து அச்சேற்றியபோது, நாடு முழுவதும் அதனைச் செவிமடுத்தது. அம்மாணவர்க்குப் பட்டமோ பதவியோ இருக்கவில்லை. தாம் நன்கறிந்த ஒன்றைப் பற்றி நேர்மையாகச் சொல்லும் துணிவு மட்டுமே இருந்தது. பின்னர் அச்சொல்லைவிட இலவச நாடா பெரிதானபோது இதழ் தளர்ந்தது.

வரக்காப்பொலவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பயிலும் மாணவர் நால்வர் கூடி, தாம் ஆடும் விளையாட்டுகளைப் பற்றி, எது நன்று, எது பணத்தைப் பறிப்பது, எது ஏன் அலுக்கிறது என்று தமிழில் எட்டுப் பக்கம் எழுதி வெளியிடுவாராயின், அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மூவர் மூன்று விதமாகக் கருதினால் மூன்றையும் எழுதட்டும். அவ்வெட்டுப் பக்கத்தில் ஒரு படியை நூலகத்தில் வைப்பது மட்டும் பெரியோராகிய நம் பொறுப்பு.